‘ஃபராகோ’ தெரிந்தால் போதுமா? ஆங்கிலச் சொல்வளம் பற்றிய கேள்வி பதில்

ஜிஆர்இ (வெளிநாட்டு மேற்படிப்புக்கான தேர்வு), ஐஇஎல்டிஎஸ் (ஆங்கிலத் திறன் தேர்வு), வங்கித் தேர்வு எழுதுபவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். ஸ்பெல்லிங்கை அகராதியில் தேடிப் பாருங்கள், அதுவும் பயிற்சிதான்.

பொறியியல் இறுதியாண்டு மாணவர், கோவை: சீனியர் ஒருவர் 3,500 சொற்கள் உள்ள வேர்டு லிஸ்ட் பிடிஎஃப் கொடுத்தார். ஜிஆர்இக்கு நான்கு மாதம் இருக்கிறது. மனப்பாடம் பண்ணிவிடலாமா சார்?

தம்பி, அந்தப் பிடிஎஃப் அவருக்கும் அவருடைய சீனியர் கொடுத்ததாகத்தான் இருக்கும். எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகள் இருந்த காலத்து மிச்சம் அது. அந்த இரண்டையும் 2011 ஆகஸ்டிலேயே தூக்கிவிட்டார்கள். 2023 செப்டம்பரில் தேர்வையே இரண்டு மணி நேரத்துக்குள் சுருக்கினார்கள். இப்போது வெர்பல் என்ற மொழித்திறன் பகுதியில் 27 கேள்விகள், 41 நிமிடம். ஏறக்குறைய பாதி, பத்தியைப் படித்துப் பதில் சொல்வது. மீதி, வாக்கியத்தில் விட்டுப்போன இடத்துக்குச் சொல் பொருத்துவது.

அங்கே ஆளைக் கவிழ்ப்பவை பெரும்பாலும் அரிய சொற்கள் அல்ல. தெரியும் என்று நினைத்துத் தாண்டிப்போகும் சொற்கள்தான். குவாலிஃபை என்றால் தகுதி பெறுவது என்று படித்திருப்பீர்கள். ‘குவாலிஃபைட் சக்சஸ்’ என்பதோ, ‘வெற்றிதான், ஆனால்...’ என்று இழுக்க வேண்டிய வெற்றி. ஃபிளாக் வினையாக வந்தால் சோர்ந்துபோவது. ஃபவுண்டர் வினையாக வந்தால் கப்பல் மூழ்குவது, திட்டம் கவிழ்வது. அரெஸ்ட் என்றால் சரிவைத் தடுத்து நிறுத்துவது, டெம்பர் என்றால் கடுமையைத் தணிப்பது. உங்கள் லிஸ்டிலிருந்து ஆயிரம் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரத்தில் இந்த மாதிரி இரட்டைப் பொருள் சொற்களுக்குத் தனி நோட்டு போடுங்கள்.

கல்லூரி மாணவி, திருச்சி: சசி தரூர் மாதிரி பேச எத்தனை வருடம் ஆகும்?

2017இல் அவர் ட்விட்டரில் எழுதிய ‘ஃபராகோ’ (குழப்பமான கலவை) என்ற சொல்லுக்கு நாடே அகராதியைப் புரட்டியது. அடுத்த வருடம் 29 எழுத்தில் ஒரு சொல்லைப் போட்டு எல்லோரையும் திணறடித்தார், அதைத் தமிழில் எழுதினால் எனக்கே மூச்சு வாங்கும். ஆனால் அவரை உலகமெங்கும் கொண்டுபோனது, இந்தியாவுக்கு பிரிட்டன் இழப்பீடு தர வேண்டும் என்று 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு யூனியனில் பேசிய பேச்சு. அதைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நமக்குத் தெரிந்த சொற்கள்தான். எந்தச் சொல்லை எதனோடு சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் அவர் கைத்திறன் இருக்கிறது.

செவிலியர், நாகர்கோவில்: ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கில் 6.5க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறது. பிளெத்தோரா, மிரியட், யூபிக்விடஸ் எல்லாம் போட்டுத்தான் எழுதுகிறேன்.

அவற்றைப் போடுவதுதான் சிக்கலே. ரைட்டிங்கில் சொல்வளத்துக்குக் கால் பங்கு மதிப்பெண். பேண்ட் 7க்கான, அதாவது 7 மதிப்பெண்ணுக்கான அளவுகோலில், அவ்வளவாகப் புழங்காத சொற்களை நடையும் சொற்சேர்க்கையும் ஓரளவு அறிந்து கையாள வேண்டும் என்று இருக்கிறது. எல்லோரும் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம்.

தமிழில் மழை பெய்யும், காற்று வீசும், வெயில் அடிக்கும். காற்று பெய்தது என்று சொன்னால் சின்னக் குழந்தைகூடச் சிரிக்கும். இதை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. ஆங்கிலத்திலும் இப்படித்தான். டீ ஸ்ட்ராங்காக இருக்கும், பவர்ஃபுல்லாக இருக்காது. மழை ஹெவியாக வரும், காற்று ஸ்ட்ராங்காக வரும். கிரைம் என்றால் கமிட், த்ரெட் என்றால் போஸ், கம்ப்ளெயின்ட் என்றால் லாட்ஜ். மிட்டிகேட் (பாதிப்பைக் குறைப்பது) என்று ஒரு சொல் படித்தால் கூடவே ரிஸ்க், டேமேஜ், இம்பேக்ட் ஆகியவற்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவைதான் அதோடு வரும்.

இன்னும் நுணுக்கமான ஒன்று உண்டு. காஸ் என்ற வினையைப் பாருங்கள். ஒன்றை உண்டாக்குவது, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அது பெரும்பாலும் பிரச்சினை, சேதம், மரணம் போன்ற கெட்டவற்றோடுதான் வரும். ‘இந்தத் திட்டம் மக்களுக்கு மகிழ்ச்சியை காஸ் செய்தது’ என்ற பொருளில் எழுதினால் இலக்கணப் பிழை கிடையாது, படிப்பவருக்கு மட்டும் எங்கோ இடிக்கும். அங்கே பிரிங் போதும். நொட்டோரியஸ் என்றால் கெட்ட பெயரால் பிரபலம். அதுவும் ஃபேமஸும் ஒன்று என்று நினைத்து ‘நொட்டோரியஸ் சமூக சேவகர்’ என்று எழுதிய விடைத்தாள்கள் என்னிடம் நிறைய வந்திருக்கின்றன.

உங்கள் அடுத்த கட்டுரையில் பிளெத்தோராவை எடுத்துவிட்டு ‘எ வைட் ரேஞ்ச் ஆஃப்’ போடுங்கள். எளிதாகத் தெரிகிறது, ஆனால் அதன் நடை சரி.

அரசுப் பள்ளி ஆசிரியர், தருமபுரி: நான் தமிழ்வழியில் படித்தவன். ஆங்கில–தமிழ் அகராதி வைத்துத்தான் படிக்கிறேன். அது தவறா?

தவறே இல்லை. ஆனால் பக்கத்தில் ஒரு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியும் வேண்டும். இந்த வகை அகராதியே நம்மைப் போல ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்காக உருவானது. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதியின் முதல் வடிவம் 1942இல் ஜப்பானில் வெளியானது. அதைத் தொகுத்த ஹார்ன்பி அங்கே ஆங்கிலம் கற்பித்தவர். லாங்மன் அகராதியில் விளக்கங்கள் எல்லாம் ஏறக்குறைய 2,000 அடிப்படைச் சொற்களுக்குள் அடங்கிவிடும். ஒரு சொல்லுக்கு அர்த்தம் பார்க்கப் போய் இன்னும் மூன்று சொல்லுக்கு அர்த்தம் தேடும் அவதி இதில் குறைவு. இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எடுத்துக்காட்டு வாக்கியத்தைப் படிக்காமல் மட்டும் அகராதியை மூடாதீர்கள்.

முனைவர் பட்ட ஆய்வாளர், மதுரை: ‘அட்வான்ஸ்டு’ என்று சொல்ல எத்தனை சொற்கள் தெரிய வேண்டும்?

பால் நேஷன் என்ற நியூசிலாந்து மொழியியலாளர் 2006இல் போட்ட கணக்கு: நாவல், செய்தித்தாள் போன்றவற்றில் 98 விழுக்காடு சொற்கள் புரிய 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். டெவலப், டெவலப்பர், டெவலப்மென்ட் எல்லாம் சேர்ந்து ஒரே குடும்பம். 98 என்றால் ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாது, 300 சொல் உள்ள பக்கத்தில் ஆறு.

உங்களுக்கு அதைவிட அவசரமானது வேறு. அவெரில் காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட அகடமிக் வேர்டு லிஸ்டில் 570 குடும்பங்கள்தான். ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சொற்கள் இவைதான். அனலைஸ், டெரைவ், கன்ஸ்டிட்யூட், இம்ப்ளிகேஷன் ரகம். முக்கால்வாசி உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் எழுதும்போது கைக்கு வராது. அரிச்சுவடிச் சொற்களுக்கும் தரூர் சொற்களுக்கும் நடுவில் இருக்கும் இந்த அடுக்கைத்தான் நம்மில் பலர் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

வங்கித் தேர்வு மாணவர், விழுப்புரம்: தினமும் தலையங்கம் படித்து இருபது சொல் எழுதுகிறேன். ஒரு வாரத்தில் மறந்துபோகிறது.

இரண்டு விஷயம். முதலில் படிக்கும் முறை. இன்று பருவநிலை, நாளை உக்ரைன், மறுநாள் கிரிக்கெட் வாரியம் என்று தாவினால், இன்று எழுதிய சொல் மறுபடி கண்ணில் பட எத்தனை நாளாகுமோ! ஒரே துறையை இரண்டு வாரம் படியுங்கள். உங்களுக்கு ரிசர்வ் வங்கியே வசதி. நாணயக் கொள்கைக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். அந்த வாரம் எல்லாப் பத்திரிகையிலும் ஹாக்கிஷ் (வட்டியை உயர்த்தும் பக்கம் சாய்வது), டெப்பிட் (மந்தமான), பாயன்ட் (துடிப்பான), ஹெட்விண்ட்ஸ் (எதிர்க்காற்று, அதாவது தடைகள்) என்று அதே சொற்கள் வேறு வேறு வாக்கியங்களில் வரும். நீங்கள் முயலாமலே பாதி பதிந்துவிடும்.

அடுத்தது திரும்பப் பார்ப்பது. மறதி எவ்வளவு வேகமானது என்று எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தன்மீதே சோதித்து 1885இல் எழுதிவைத்தார். முதல் நாளில்தான் சரிவு அதிகம், பிறகு மெதுவாகும். ஆகவே இடைவெளியை நீட்டிக்கொண்டே போக வேண்டும். அங்கி என்ற ஃபிளாஷ் கார்டு செயலி இந்த வேலையைச் செய்யும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐஃபோனில் காசு. செயலி பிடிக்காதவர்கள் செருப்புப் பெட்டியில் ஐந்து அறை தடுத்து, சொல்லுக்கு ஒரு அட்டை போட்டு முதல் அறையில் வையுங்கள். முதல் அறை அட்டைகளைத் தினமும் பாருங்கள், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு நான்கு நாள், வாரம், இரு வாரம். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். இருபது வேண்டாம், ஆறேழு சொல் போதும். அட்டையில் தனிச்சொல்லை எழுதாமல் அது வந்த வாக்கியத்தை எழுதி, சொல் இருந்த இடத்தைக் காலியாக விடுங்கள்.

ஐடி ஊழியர், சென்னை: லத்தீன், கிரேக்க வேர்ச்சொல் படித்தால் போதும் என்கிறார்களே?

பாதி உண்மை. பெனி என்றால் நல்லது, மால் என்றால் கெட்டது, ஸ்பெக்ட் என்றால் பார்ப்பது. இதைப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான சொற்களை ஊகிக்கலாம். ஆனால் எனர்வேட்டை எனர்ஜியோடு சேர்த்து ஊகித்தால் மோசம் போவீர்கள், அதற்குப் பொருள் பலமிழக்கச் செய்வது. நாய்ஸமுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை, அது துர்நாற்றம். இன் என்று தொடங்கினால் எதிர்ப்பொருள் என்று நம்பாதீர்கள், இன்ஃபிளேமபிள் என்று எழுதிய லாரி தீப்பிடிக்கும். வேரை வைத்து ஊகியுங்கள், அகராதியில் உறுதிசெய்யுங்கள்.

அதே நபர்: உச்சரிப்பு?

அகராதியில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்துங்கள். எபிடோம் அல்ல, எபிட்டமி. ஹைபர்போல் அல்ல, ஹைபர்பளி. படித்தே சொல் கற்றவர்களுக்கு வரும் நோய் இது.

பத்து வயதுப் பையனின் அம்மா, சேலம்: பையனுக்கு தினம் பத்து சொல் மனப்பாடம் வைக்கிறேன். சரியா?

நிறுத்திவிட்டு அவனுக்குப் பிடித்த கதைப்புத்தகம் வாங்கிக்கொடுங்கள்.

ஓய்வுபெற்ற அலுவலர், தஞ்சாவூர்: படிக்கும்போது புரிகிற சொல், பேசும்போது வருவதில்லை. வயதாகிவிட்டதா?

வயது காரணமில்லை ஐயா. எந்த மொழியிலும் புரியும் சொற்கள் அதிகம், பேசும் சொற்கள் குறைவு. நமக்குத் தமிழிலும் அப்படித்தான். எல்லாவற்றையும் வாயில் கொண்டுவர முயல வேண்டாம். வாரத்துக்கு ஐந்து சொல் மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றை வைத்து அன்றைய செய்தியை நாலு வரி எழுதி உரக்கப் படியுங்கள். அடுத்த வாரம் பேரனிடமோ நண்பரிடமோ ஆங்கிலத்தில் பேசும்போது அதில் இரண்டு தானாக வந்தால், மற்ற மூன்றை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள்.