ஞாயிறு சுத்தம், புதன் குப்பை

அன்புள்ள சார்,

கோவையில் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். காலை ஏழே முக்காலுக்கு பஸ். லேப், பிளேஸ்மென்ட் வகுப்பு எல்லாம் முடிந்து வர ராத்திரி எட்டாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் நான் ஒருவனே பெருக்கித் துடைக்கிறேன். புதன்கிழமை பழையபடி ஆகிவிடுகிறது. கட்டிலில் மூட்டைப்பூச்சி வேறு. நண்பர்களிடம் சொன்னால், "படிக்க வந்தோமா, பெருக்க வந்தோமா?" என்கிறார்கள். போன வாரம் அம்மா வந்து பார்த்துவிட்டு உட்காரக்கூட இல்லை. படிப்பையும் விடாமல் அறையையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஞாயிற்றுக்கிழமைதான் கோளாறு என்று எனக்குப் படுகிறது. அரை நாள் வேலை செய்துவிட்டால் அடுத்த மூன்று நாள் எதையும் தொட வேண்டாம் என்ற நினைப்பு வந்துவிடும். அந்த மூன்று நாள் போதும்.

அறையில் இரண்டே இரண்டை மட்டும் அன்றன்றைக்குப் பாருங்கள்: ஈரம், சோறு. தரையில் கிடக்கும் ரெக்கார்டு நோட்டு, சார்ஜர் ஒயர், செமஸ்டர் நேரத்து ஜெராக்ஸ் கட்டு இதெல்லாம் கிடக்கட்டும். பார்க்க நன்றாக இருக்காது, அவ்வளவுதான். ஆனால் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து மறந்துபோன ஜீன்ஸ் இரண்டாம் நாள் ராத்திரி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர் சாம்பல் நிறமாகி, மேலே வழவழவென்று ஒரு படலம் கட்டி, கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும். துவைக்க நேரமிருந்தால் மட்டும் ஊற வையுங்கள். துண்டை நாற்காலியில் போடாமல் மாடிக் கொடியில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுங்கள்.

சோறு என்று சொன்னது பார்சலை. பரோட்டா தின்ற இலையும் குருமா ஒட்டிய கவரும் மேஜைக்கு அடியில் ராத்திரி தங்கினால் கரப்பானுக்கு அழைப்பு வைத்த மாதிரி. நகரங்களில் குப்பை வண்டி பெரும்பாலும் காலையில்தான் வரும். மாணவர்கள் அப்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள், அதனால் கவர் கவராகச் சேரும். பையை ராத்திரியே முடிச்சுப் போட்டு வாசலருகே வைத்துவிட்டால் எழுந்து போகிற யாராவது ஒருவர் எடுத்துப் போகலாம். மக்கும் குப்பையைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் வேலை குறையும்.

நல்ல தண்ணி தினமும் வராத இடமாக இருந்தால், எப்படியும் டிரம்மில் பிடித்து வைத்திருப்பீர்கள். டெங்கு பரப்பும் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான் இடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். டிரம்மை இறுக மூடுங்கள், வாரம் ஒரு தடவை காலி செய்து உட்பக்கச் சுவரைத் தேயுங்கள். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு இந்த ஒரு வேலையை வைத்துக்கொள்ளலாம்.

பாத்ரூம் உப்புக்கறைக்கு ஆசிட்டோ கழிப்பறை லிக்விடோ ஊற்றும்போது, பளிச்சென்று ஆகட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூமில் அது விளையாட்டில்லை.

மூட்டைப்பூச்சிக்காக வெட்கப்பட வேண்டாம். அதற்குக் குப்பை தேவையில்லை, ரத்தம்தான் தேவை. பழைய கட்டிலிலோ, ஊரிலிருந்து வந்த பையிலோ ஏறி வந்திருக்கும். சாப்பாடில்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும், ஆகவே லீவுக்கு அறையைப் பூட்டிப்போட்டால் செத்துவிடும் என்று நம்பாதீர்கள். மெத்தையின் தையல் ஓரத்தையும் கட்டிலின் போல்ட் இடுக்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் தெரியும். இரும்புக் கட்டில் என்றால் மாடிக்குத் தூக்கிப்போய் இடுக்குகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுங்கள். முட்டை தப்பித்துப் பொரிக்கும், அதனால் பத்து நாள் கழித்து மறுபடியும் ஊற்றுங்கள். விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் அதே நாளில் வெந்நீரில் போட வேண்டும். ஒருவர் கட்டிலை மட்டும் செய்து பிரயோஜனமில்லை. இப்படியும் போகவில்லையென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி மருந்தடிக்க ஆள் கூப்பிடுங்கள்.

அப்புறம் உங்கள் நண்பர்களின் கேள்வி. எனக்கு அதைக் கேட்டதும் கோபம்தான் வந்தது. இதே பாடத்தைப் படிக்கிற அவர்கள் வகுப்புப் பெண்களிடம் போய் இப்படிக் கேட்பார்களா? வீட்டில் அம்மாவோ அக்காவோ எடுத்துப்போட்ட தட்டு தானாகவே கழுவிக்கொண்டது என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகளின் பேச்சு இது. மாதச் சம்பளத்துக்கு வீட்டு வேலைக்கு ஒரு அக்காவை வைத்துக்கொள்ளலாம், மூன்று பேர் பகிர்ந்தால் பெரிய தொகை ஆகாது, தப்பும் இல்லை. ஆனால் மூன்று நாள் காய்ந்த தட்டை அவர் தலையில் கட்டுவது தப்பு.

சுவரில் முறை போட்டு ஒட்டாதீர்கள். இன்டர்னல் தேர்வு வந்த வாரமே "இன்னைக்கு உன் முறை" என்று சண்டை வரும். நாளைப் பிரிக்காமல் இடத்தைப் பிரியுங்கள்: ஒருவருக்கு பாத்ரூம், ஒருவருக்கு அடுப்படியும் குப்பையும், ஒருவருக்குத் தரையும் டிரம்மும். எது நாறுகிறதோ அது யாருடையது என்று கேட்காமலே தெரிந்துவிடும். நீங்கள் இதுவரை செய்துவந்த தோஷத்துக்கு பாத்ரூமை உங்களிடமே தள்ளப் பார்ப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.