மின்சாரம் திரும்பிய பின் கேட் கேமரா மட்டும் ஆஃப்லைன்

கேமராவை ரீசெட் செய்யாதீர்கள். சாட்ஸ்வர்த் வீட்டில் கரண்ட் போய் வந்தால் கேட் கேமரா மட்டும் வருவதில்லை, மற்ற மூன்றும் ஓடுகின்றன என்கிறீர்கள். அப்படியானால் அது பெரும்பாலும் தவறான மெஷ் நோடைப் (வீடெங்கும் வைஃபையைப் பரப்பும் பெட்டிகளில் ஒன்றை) பிடித்திருக்கிறது.

கேட் பக்கத்து நோடு முழுதாகக் கிளம்பச் சில நிமிடம் ஆகும். கேமரா அதற்குள் எழுந்து, ஹாலில் உள்ள மெயின் ரவுட்டரைப் பிடித்துக்கொள்ளும். போன் போல அது லேசில் நோடு மாறாது. நடுவில் செங்கல் சுவர் இருந்தால் சிக்னல் தேய்ந்து, படம் வராமல் போகும்.

1. மெஷ் ஆப்பில் அந்தக் கேமரா எந்த நோடில் இருக்கிறது என்று பாருங்கள். சிக்னல் -75 அல்லது -80 என்று (அதாவது பலவீனமாக) காட்டினால் காரணம் இதுதான்.

2. கேமராவின் பிளக்கை மட்டும் பிடுங்குங்கள். கேட் நோடு ஆப்பில் ஆன்லைன் என்று வந்த பிறகு செருகுங்கள்.

சரியானால், ஃபைபர் பெட்டி, ரவுட்டர், கேட் நோடு மூன்றுக்கும் யூபிஎஸ் வைத்துவிடுங்கள். கரண்ட் போனாலும் நோடு விழித்திருக்கும், கேமரா திரும்பி வந்ததும் அதையே பிடிக்கும். ஆப்பில் கேமராவை அந்த நோடோடு கட்டிவைக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள்.

ஆப்பில் கேமரா பெயரே இல்லையென்றால் இது பலிக்காது. பல கேமராக்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும், டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை ஒத்துவராது. ரவுட்டரில் டபிள்யூபிஏ2-க்கு மாற்றிப் பாருங்கள்.

இணைப்பு இல்லாத நேரத்தில் கேமராவிலிருந்து எச்சரிக்கை எதுவும் வராது. கேட் பக்கம் என்பதால் இன்றே ஒரு மெமரி கார்டு போட்டுவிடுங்கள்.