"அப்பாவுக்குத் தெரியப் போறதில்ல, விடும்மா"

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

பெரம்பூரில் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு. போன வாரம் அவனுடைய ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்கு அடியில், நாலாக மடித்த மூன்று நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. தெருமுனை அண்ணாச்சி கடையில் 130 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 200 கொடுத்திருக்கிறான். கூட்டத்தில் அவர் 500 என்று நினைத்து 370 மீதி கொடுத்துவிட்டார். இவன் வாயைத் திறக்காமல் வந்துவிட்டான். கேட்டால், "அப்பாவுக்குத் தெரியப் போறதில்ல, விடும்மா" என்கிறான்.

என் கணவர் ரொம்பக் கண்டிப்பு. பொய் சொன்னால் கை ஓங்கிவிடுவார். ஏன், எதற்கு என்ற பேச்சே கிடையாது. அதனால் மார்க் குறைந்தாலும், டியூஷனுக்கு மட்டம் போட்டாலும், "அப்பாகிட்ட சொல்லாதே" என்று நான்தான் மறைப்பேன். இவ்வளவு கண்டிப்பான வீட்டில் வளர்ந்தவனுக்கு நேர்மை எப்படி வராமல் போனது? இதையும் மறைக்கவா? ராத்திரி தூக்கமே வரவில்லை.

ஒரு தாய், பெரம்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளைக்குத் திருட்டுப் புத்தி வந்துவிட்டது என்று பயப்படாதீர்கள். ஆனால் அவன் சொன்னதை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள். சரியா தப்பா என்ற கேள்வியே அதில் இல்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்பது மட்டும்தான் இருக்கிறது. அடிக்குப் பயந்து நடக்கும் பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, உங்களுடைய "அப்பாகிட்ட சொல்லாதே"யும் அதே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. பாசத்தில் செய்ததுதான், புரிகிறது.

கண்டிப்பை விட்டால் செல்லம்தான் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960களிலேயே இன்னொரு வழியைப் பிரித்துக் காட்டினார். அதில் பெற்றோர் சொன்னதில் உறுதியாக நிற்பார்கள். கூடவே காரணமும் சொல்வார்கள், பிள்ளை எதிர்த்துக் கேட்டால் காது கொடுப்பார்கள். மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியலாளர் சொன்னதுதான் உங்களுக்கு இப்போது உதவும்: உன் செயலால் அடுத்தவருக்கு என்ன ஆனது என்று எடுத்துச் சொன்னால், அடியைவிட அதுவே மனசில் இறங்கும்.

அதனால் அண்ணாச்சியைப் பற்றிப் பேசுங்கள். "ராத்திரி கல்லாவை எண்ணும்போது 300 குறைஞ்சா யாரை சந்தேகப்படுவார்? கடைப் பையனைத்தானே?" கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதில் உடனே வராது, பரவாயில்லை. அப்புறம், "நானும் அப்பாகிட்ட நிறைய மறைச்சிருக்கேன், அது தப்பு" என்று சொல்லுங்கள். பெரியவர்கள் தப்பை ஒத்துக்கொள்ளும்போது இந்த வயசுப் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது கேட்பார்கள். நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணவரிடம் மறைக்க வேண்டாம். கை ஓங்காமல் முழுசாகக் கேட்க வேண்டும் என்று முதலில் அவரிடம் தனியாகப் பேசி வாக்கு வாங்குங்கள். பிறகு மகனே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பணத்தையும் அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்கட்டும். கடையில் கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து அனுப்புங்கள்; நாலு பேர் முன்னால் அவன் கூனிக் குறுக வேண்டாம்.