சினிமா இயக்கத்திலும் கம்பெனித் தலைமையிலும் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு? எல்லைப் பக்கம் இருக்கும் பெண்களுக்கு நடைமுறை வழி என்ன?

கேட்கப்பட்டது இதுதான்: ஊர் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வீட்டில் பேசுவது தமிழ். மூத்த மகள் டைரக்‌ஷனுக்குப் போகிறேன் என்கிறாள். இளையவள் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். இரண்டு இடத்திலும் மேலே பெண்களையே காணோமே, ஏன், நாம் என்ன செய்யலாம்?

இரண்டு பேருக்கும் நோய் ஒன்றுதான், மருந்துதான் வேறு. சினிமாவோ கம்பெனியோ, பெண்கள் உள்ளே நுழைவது இப்போது பெரிய பாடில்லை. உச்சியில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்க அரசுத் திட்டமும் சட்டமும் இருக்கின்றன. நடுவில் இருக்கும் ஐந்து, பத்து வருடத்தில்தான் ஆட்கள் உதிர்கிறார்கள். அந்த வருடங்களில் யார் கையில் எந்த வேலை போகிறது என்பதைக் கவனித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

மூத்தவளில் இருந்து தொடங்குகிறேன்.

பெண்ணால் படம் இயக்க முடியுமா என்ற பேச்சு 1936-லேயே முடிந்துவிட்டது. அந்த வருடம்தான் டி.பி. ராஜலட்சுமி 'மிஸ் கமலா'வை இயக்கினார். பானுமதி 1953-ல் 'சண்டிராணி'யைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் இயக்கினார். மலையாளத்தில் ஒரு பெண் இயக்கிய முதல் படம் 1973-ல் வந்த 'கவிதா'. இயக்கியவர் விஜய நிர்மலா. 44 படம் இயக்கியவர், 2002-ல் கின்னஸ் புத்தகத்திலும் ஏறியவர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மூவரும் நடிகையாகப் பேர் வாங்கிய பிறகு இயக்க வந்தவர்கள். பானுமதிக்குப் பரணி பிக்சர்ஸ் என்று சொந்தக் கம்பெனியே இருந்தது. கிளாப் அடித்து, உதவி இயக்குநராகப் படிப்படியாக ஏறி வருவது பெண்களுக்குப் பிறகு திறந்த பாதை. அந்தப் பாதையில் வந்தவர்களுக்கு அடுத்த படம் எளிதில் அமைவதில்லை. சுதா கொங்கரா தமிழில் எடுத்த 'துரோகி' 2010, அடுத்த தமிழ்ப் படம் 'இறுதிச்சுற்று' 2016. ஹலிதா ஷமீமின் 'பூவரசம் பீப்பீ' 2014, 'சில்லுக் கருப்பட்டி' 2019. முதல் படத்தோடு காணாமல் போனவர்கள் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

நடுப்படி எப்படி உடைகிறது? ஒரு யூனிட்டில் நான்கிலிருந்து ஆறு உதவி இயக்குநர்கள் இருப்பார்கள். கிளாப், கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறாமல் பார்ப்பது), காஸ்ட்யூம், ப்ராப்பர்ட்டி, ஜூனியர் ஆர்ட்டிஸ்ட், ஃப்ளோர் (படப்பிடிப்புத் தளத்தை நடத்துவது) என்று வேலை பிரியும். பெண் வந்தால் கை தானாகக் காஸ்ட்யூமையும் கன்டினியூட்டியையும் அவளிடம் நீட்டும். இரண்டும் நல்ல வேலைதான், தொழிலும் கற்றுத்தரும். ஆனால் தயாரிப்பாளரின் மேனேஜர் தினமும் பேசுவது ஷெட்யூல் போடுபவரோடும் ஃப்ளோரை ஓட்டுபவரோடும்தான். அவர்கள்தான் அசோசியேட் ஆகிறார்கள், கோ-டைரக்டர் ஆகிறார்கள். 'இந்த ஆள் படத்தைக் கட்டி இழுத்துடுவார்' என்ற நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. பணம் போடுபவர் கதையை மட்டும் நம்பிப் பணம் போடுவதில்லை.

அதனால் உங்கள் மகள் முதல் படத்தில் கொடுத்ததைச் செய்யட்டும். இரண்டாவது படத்தில் ஷெட்யூல் வேலையை வாய்விட்டுக் கேட்கட்டும். கேட்பதற்கு முன் பிரேக்டவுன் போடத் தெரிந்திருக்க வேண்டும். பவுண்ட் ஸ்கிரிப்ட்டின் (முழுதாக எழுதி முடித்த திரைக்கதைப் பிரதி) ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுப் பாகமாகப் பிரித்து, காட்சி எத்தனை பாகம், எந்த இடம், பகலா இரவா, யார் யார், என்ன பொருள் என்று எழுதிப் பழக வேண்டும். பிறகு கதை வரிசையை மறந்துவிட்டு இட வரிசையில் அடுக்க வேண்டும். யூனிட் ஒரு இடம் விட்டு இன்னொரு இடம் மாறினால் குறைந்தது ஒன்றரை, இரண்டு மணி நேரம் போகும். பொள்ளாச்சியிலும் நம்ம சித்தூர்ப் பக்கமும் (ஆந்திரச் சித்தூர் இல்லை) அடிக்கடி படப்பிடிப்பு நடப்பது உங்களுக்கு ஒரு வசதி. சென்னைக்கோ கொச்சிக்கோ பெட்டி கட்டும் முன், இங்கே வரும் யூனிட்டில் லொகேஷன் உதவியாக ஒரு ஷெட்யூல் பார்த்துவிடலாம். தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசும் பெண்ணை எந்த மேனேஜரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

கதையைப் பலரிடம் சொல்லத் தொடங்கும் முன் காப்பிரைட் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். இலக்கியப் படைப்பு என்ற வகையில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய். ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு. ஒருவரி அவுட்லைனைப் பதிந்து பயனில்லை. எண்ணத்துக்குக் காப்பிரைட் கிடையாது. காட்சி, வசனத்தோடு எழுதி முடித்த பிரதியைப் பதிய வேண்டும்.

கேரளத்தில் இருப்பதால் உங்களுக்கு ஒரு கதவு கூடுதலாக உண்டு. கேரள மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் 2019-ல் பெண் இயக்குநர்களுக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. படத்துக்கு 1.5 கோடி ரூபாய். தாரா ராமானுஜனின் 'நிஷித்தோ', மினி ஐ.ஜி.யின் 'டிவோர்ஸ்', ஸ்ருதி சரண்யத்தின் 'பி 32 முதல் 44 வரை' எல்லாம் அதில் வந்தவை. 2019-ல் தொடங்கிய திட்டத்தின் இந்தப் படங்கள் தியேட்டரைப் பார்த்தது 2022, 2023-ல். அரசுப் பணத்தில் எடுப்பவர் இந்தக் கால அளவை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுச் செலவுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். புது அறிவிப்பு வரும்போது மொழி, பூர்வீகம், வயது பற்றிய வரிகளை முதலில் படியுங்கள். தமிழ் பேசும் பாலக்காட்டுப் பெண்ணுக்குச் சிக்கல் வந்தால் அங்கேதான் வரும், கதையில் அல்ல.

1.5 கோடி பெரிய தொகை போலத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பக்க ஸ்கிரிப்ட், நாளைக்கு 4 பக்கம் என்றால் 25 நாள். எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 2.5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் 62.5 லட்சம். எடிட்டிங், டப்பிங், சவுண்ட், கலர் என்று படப்பிடிப்புக்குப் பின்னால் வரும் வேலைக்கு 32.5 லட்சம் ஒதுக்குங்கள். எதிர்பாராச் செலவுக்கு பத்து சதவீதம், 15 லட்சம். மிச்சம் 40 லட்சத்தில்தான் நடிகர், டெக்னீஷியன் சம்பளமும் முன் வேலைகளும். இப்போது வேகம் நாளைக்கு 3 பக்கமாகக் குறைகிறது என்று வையுங்கள். 25 நாள் 34 நாள் ஆகும். கூடுதல் 9 நாளுக்கு 22.5 லட்சம். எதிர்பாராச் செலவுப் பணம் முழுக்கப் போய், சவுண்ட் வேலையில் இருந்து 7.5 லட்சம் பிடுங்க வேண்டிவரும். முதல் படங்கள் பலவற்றில் ஒலி சொதப்பலாக இருப்பதற்குக் காரணம் ரசனைக் குறைவு இல்லை, இந்த 9 நாள். முந்தின ராத்திரியே ஷாட் டிவிஷனை (காட்சியை எந்தெந்த ஷாட்டாக எடுப்பது என்ற பட்டியல்) கேமராமேனுக்கும் ஆர்ட் ஆட்களுக்கும் எழுத்தில் கொடுத்துவிட்டால் பாதி இழுபறி போய்விடும். பெண் இயக்குநரிடம் 'எப்படிம்மா எடுக்கப் போறீங்க' என்று தளத்தில் நின்று வகுப்பெடுக்கும் சீனியர்களுக்கும் அது ஒரு பதில்.

பாதுகாப்பு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேரள அரசு 2017-ல் அமைத்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பர் 31-ல் அறிக்கை கொடுத்தது. அது வெளியே வந்தது 2024 ஆகஸ்ட் 19-ல், அதுவும் சில பகுதிகள் நீக்கப்பட்டு. அத்துமீறல்தான் செய்தியானது. ஆனால் கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாமல், தண்ணீர் குடிக்காமல் நாளை ஓட்டும் பெண்களைப் பற்றியும் அதில் இருக்கிறது. அதுவும் நடுப்படியை உடைக்கும் கல்தான். 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம், படத் தயாரிப்பு யூனிட்டிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. பணியிடப் பாலியல் தொல்லை பற்றிய 2013-ம் வருடச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியாள் ஒருவர். புகாருக்கு 3 மாதம் அவகாசம், காரணம் காட்டினால் இன்னொரு 3 மாதம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

இது எங்கே கோளாறாகிறது என்றால், யூனிட் நாற்பது நாளில் கலைந்துவிடும். மூன்று மாதத்துக்குள் புகாரை எடுத்துக்கொண்டு போனால் அங்கே குழுவே இருக்காது. அதனால் வேலைக்குச் சேரும் அன்றே தயாரிப்பு நிறுவனத்தின் பதிவான பெயர், விலாசம், குழுத் தலைவரின் பெயர், எண் நான்கையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தனி அறை, கழிப்பறை வண்டி, ராத்திரி திரும்பும் வண்டி மூன்றும் வாய்ப்பேச்சாக இல்லாமல் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் இருக்கட்டும். வேலைக்காக நிறுவனம் ஏற்பாடு செய்த வண்டியும் சட்டப்படி பணியிடம்தான். வாளையார் எல்லை தாண்டி நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது. முதலாளி மீதே புகார் என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும்.

இளையவள் விஷயத்துக்கு வருகிறேன்.

கம்பெனிச் சட்டம் 2013, 149-வது பிரிவு: பங்குச் சந்தையில் உள்ள எல்லாக் கம்பெனியும், 100 கோடி செலுத்திய மூலதனமோ 300 கோடி விற்றுமுதலோ உள்ள மற்ற பப்ளிக் கம்பெனியும் போர்டில், அதாவது டைரக்டர்கள் குழுவில், ஒரு பெண்ணையாவது வைத்திருக்க வேண்டும். இது வந்ததும் பல இடத்தில் முதலாளியின் மனைவியோ மகளோ நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி இன்னொரு ஆணி அடித்தது: சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிக்கு 2019 ஏப்ரல் முதலும், முதல் 1000 கம்பெனிக்கு 2020 ஏப்ரல் முதலும், குறைந்தது ஒரு சுதந்திரப் பெண் டைரக்டர் (முதலாளி குடும்பத்தைச் சேராத வெளியாள்) கட்டாயம். ஆனால் கஞ்சிக்கோட்டில் பல கம்பெனிகளின் பெயர்ப் பலகையைப் பார்த்தால் பிரைவேட் லிமிடெட் என்றிருக்கும். அவற்றுக்கு இந்த விதி கிடையாது. போர்டுக்குக் கீழே ப்ளான்ட் மேனேஜர், சேல்ஸ் ஹெட், ஃபைனான்ஸ் ஹெட் பதவிகளுக்கு எந்தக் கம்பெனியிலும் இப்படி விதி கிடையாது.

அங்கே ஓடும் பாதையைப் பாருங்கள். ப்ளான்ட் மேனேஜராக வருபவர் பெரும்பாலும் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருந்தவர். ஷிஃப்ட் இன்சார்ஜ் என்றால் ராத்திரி ஷிஃப்ட்டும் உண்டு. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 66-வது பிரிவு பெண்களை இரவு 7 முதல் காலை 6 வரை வேலைக்கு வைக்கத் தடை போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் அந்தத் தடை செல்லாது என்றது. அது எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பெண்ணின் சம்மதமும் பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தால் ராத்திரி வேலைக்கு இடம் தருகிறது. இத்தனை வருடம் பெண் இன்ஜினியர்கள் குவாலிட்டி லேப், டாக்குமென்டேஷன், எச்.ஆர். என்று பகல் நாற்காலிகளுக்கு நகர்த்தப்பட்டார்கள். சம்பளம் குறையாது, மரியாதையும் இருக்கும், ஆனால் உற்பத்திக் கணக்கு கையில் வராது. பதவி உயர்வுப் பேச்சில் கேட்பதோ அந்தக் கணக்கைத்தான்.

மூணாறில் இது பச்சையாகத் தெரிந்தது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சங்கத்தில் அவர்களுக்காகப் பேசியவர்கள் ஆண்கள். 2015 செப்டம்பரில் அந்தப் பெண்களே 20 சதவீத போனஸ் கேட்டுத் தெருவில் உட்கார்ந்து, சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வரவிடாமல், 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் பேசி வாங்கினார்கள். பேசத் தெரியாமலா அதுவரை இருந்தார்கள்? பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும் ஆள் வேறாக இருந்தார், அவ்வளவுதான்.

இளையவள் இந்த வருட மதிப்பீட்டில் லைன் பொறுப்பை, அதாவது உற்பத்திப் பொறுப்பை, எழுத்தில் கேட்கட்டும். வண்டி, துணைக்கு இன்னொரு பெண், ஓய்வறை மூன்றையும் அதே கடிதத்தில் கேட்கலாம். மறுத்தால் மறுப்பும் எழுத்தில் வரும்; அடுத்த கம்பெனிக்குப் போக அதுவே காரணம். மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம். விடுப்பு வருடத்தில் மதிப்பீடு காலியாக விடப்பட்டு ஒரு படி நழுவுவது சாதாரணம். கிளம்பும் முன்பே, வேலை செய்த மாதங்களுக்கு மட்டும் மதிப்பீடு போடச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியாமல் மேலே போக முடியாது, ஆறு மாதம் ஒதுக்கிக் கற்கட்டும். குடும்பஸ்ரீ அயல்கூட்டத்தின் (பெண்கள் சுய உதவிக் குழு) வரவு செலவும் மினிட்ஸும் எழுதியிருந்தால் அடிப்படை ஏற்கெனவே கையில் இருக்கிறது.

பிற்காலத்தில் சுதந்திர டைரக்டர் ஆக வேண்டுமென்றால், கம்பெனி விவகார நிறுவனத்தின் டேட்டாபேங்கில் பதிந்து, இரண்டு வருடத்துக்குள் ஆன்லைன் தேர்வில் 50 சதவீதம் வாங்க வேண்டும். பதவி ஒரு முறை 5 வருடம் வரை, தொடர்ந்து இரண்டு முறைதான்.

கடைசியாக, இந்தப் பக்கம் அடிக்கடி நடப்பது. 'சும்மா ஒரு கையெழுத்து, உன்னை டைரக்டராகப் போடுறேன்' என்று உறவுக்காரர் வருவார். சம்மதப் படிவம் டிஐஆர்-2-ல் கையெழுத்துப் போடும் முன் மூன்று வருட பேலன்ஸ் ஷீட், பாங்க் கடனுக்குச் சொந்த ஜாமீன் கேட்கிறார்களா, பாக்கி வரி மூன்றையும் பார்க்கட்டும். தொடர்ந்து மூன்று வருடம் கம்பெனி கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் டைரக்டர்கள் 5 வருடத்துக்கு எந்தக் கம்பெனியிலும் புதிதாக நியமிக்கப்பட முடியாது. செக் திரும்பினால் பெயர் இருப்பவருக்கும் சம்மன் வரும். நான் நிர்வாகத்தில் இல்லை என்று நிரூபிக்க வக்கீல் வைக்க வேண்டும். ஏற்கெனவே போட்டுவிட்டாள் என்றால் ராஜினாமாவை நிறுவனத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளட்டும். கம்பெனி 30 நாளில் டிஐஆர்-12 (டைரக்டர் மாற்றத்தைக் கம்பெனிப் பதிவாளருக்குச் சொல்லும் படிவம்) தாக்கல் செய்ததா என்று இணையத்தில் பார்க்கலாம். செய்யவில்லை என்றால் அவளே டிஐஆர்-11 (டைரக்டரே தன் ராஜினாமாவைத் தெரிவிக்கும் படிவம்) போட்டுவிடலாம், உறவுக்காரரைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.