கம்பி சுற்றியவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் தாத்தா தொடங்கிய தொழில் ரேடியோ பழுதுபார்ப்பில் ஆரம்பித்து, மேடை ஆம்ப்ளிஃபையர், வானொலி நிலையங்களுக்கான மிக்சர், லைன் ஆம்ப்ளிஃபையர் என்று வளர்ந்தது. அப்பா காலத்தில் டிரான்சிஸ்டருக்கு மாறினோம். இப்போது விற்பனையும் வாடகையும் மட்டும்தான். இந்த வரலாற்றை ஒரு சிறு நூலாகத் தொகுக்கிறேன். தாத்தாவின் படங்கள், பாராட்டுச் சான்றிதழ்கள், கொள்முதல் பேரேடுகள், பழுதுச் சீட்டுகள், ஒரு பெட்டி ஸ்பூல் டேப் எல்லாம் இருக்கின்றன. பழுதுபார்க்கத் தொடங்கிய ஆண்டு, முதல் ஆம்ப்ளிஃபையர் விற்ற ஆண்டு, இரண்டில் எதைத் தொடக்கம் என்று போடுவது? வீட்டில் இதில்தான் சண்டை.

போன வாரம் பரணிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை இறக்கினேன். இரண்டு இஎல்34 வால்வ் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) போட்டது. படம் எடுக்கலாம் என்று துடைத்து சுவிட்சைப் போட்டேன். இரண்டு நிமிடம் இரைந்தது, ஒரு வால்வ் உள்ளே சிவந்தது, புகை வந்ததும் அணைத்துவிட்டேன். அதில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களைப் பாட்டிதான் வீட்டில் சுற்றினார் என்பார்கள். அத்தையும் உதவினாராம். அத்தை இப்போதும் நல்ல நினைவோடு இருக்கிறார். தாத்தாவின் ஆம்ப்ளிஃபையரை மறுபடி பாட வைக்க முடியுமா?

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

ஆண்டுச் சண்டை ஒரு வரியில் தீர்வது. பழுதுபார்ப்பு இந்த ஆண்டு, உற்பத்தி இந்த ஆண்டு என்று இரண்டையும் போடுங்கள். சான்றிதழ்களை நூலின் கடைசியில் நான்கு பக்கத்தில் அடக்குங்கள்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. பாட்டிதான் சுற்றினார் என்று எழுதுகிறீர்கள். இரண்டு வாக்கியம் தள்ளி ‘தாத்தாவின் ஆம்ப்ளிஃபையர்’ என்கிறீர்கள். குடும்பமாக நடந்த இந்தத் தொழில்களில் சர்க்யூட் வரைந்தவர் பெயர் நிற்கிறது, கடையில் உட்கார்ந்தவர் பெயர் நிற்கிறது, கம்பி சுற்றியவர் பெயர் ஏன் நிற்பதில்லை என்று சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அமெரிக்காவில் குவின்சி என்ற ஊரில் 1922இல் தொடங்கி, 1957இல் ஹாரிஸ்-இன்டர்டைப் நிறுவனம் வாங்கும்வரை குடும்பத்தின் கையில் இருந்தது கேட்ஸ் ரேடியோ. வானொலி டிரான்ஸ்மிட்டரில் பெரிய பெயர். அதன் தொடக்கத்தைச் சொல்லும்போது ஹென்றி கேட்ஸ், மனைவி கோரா, பதின்வயது மகன் பார்க்கர் என்று மூவரையும் சேர்த்தே சொல்கிறார்கள். உங்கள் நூலின் முதல் பக்கத்தில் எத்தனை பெயர் வைத்திருக்கிறீர்கள்?

அதற்குமுன் திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். பல வருடம் பரணில் கிடந்த வால்வ் ஆம்ப்ளிஃபையரை நேரே மெயின்ஸில் செருகலாமா? அதுவும் ரேடியோ கடைக் குடும்பத்துப் பிள்ளை? உள்ளே சிவந்தது வால்வின் பிளேட், கரண்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடு. டிரைவர் வால்வுக்கும் (இஎல்34க்குச் சிக்னல் ஊட்டுவது) இஎல்34இன் கிரிட்டுக்கும் (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) நடுவில் ஒரு கப்ளிங் கண்டன்சர் இருக்கும். அதன் ஒரு பக்கம் 200 வோல்ட்டுக்கு மேல் டிசி, மறுபக்கம் கிரிட். பழைய பேப்பர் கண்டன்சர் ஈரம் வாங்கிக் கசியும். வெறும் 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்தாலே, 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் 4.7 வோல்ட் தேங்கும். கிரிட் அப்படிப் பாசிட்டிவ் பக்கம் நகர்ந்தால் வால்வ் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும், பிளேட் சிவக்கும். அந்தக் கரண்ட் முழுக்க எதன் வழியாகப் போகிறது தெரியுமா? வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில், அதாவது வால்வ் பக்கத்துச் சுற்றில், ஒரு பாதி வழியாக. தலைமுடி போன்ற கம்பி அது. இன்னும் சில நிமிடம் விட்டிருந்தால் எரிந்திருப்பது உங்கள் பாட்டியின் கைவேலை. கண்டன்சரும் வால்வும் கடையில் கிடைக்கும்.

இனி சுவிட்சைத் தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, அதன் பிறகும் மின்னைத் தேக்கி வைத்திருக்கும் ஃபில்டர் கண்டன்சர்களை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் வடித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே உள்ளே கையை விடுங்கள். வால்வுகளைக் கழற்றி எது எந்த சாக்கெட் என்று எழுதி வையுங்கள். எதையும் இனிமேல் துடைக்கவும் வேண்டாம். சாசிஸில் (உலோக அடித்தட்டில்) பென்சில் குறிப்போ டிரான்ஸ்ஃபார்மரில் ஒட்டிய சீட்டோ இருந்தால் ஈரத் துணி அதைக் கொண்டுபோய்விடும். வெளியே எடுக்கும் ஒவ்வொரு பாகத்தையும் சீட்டு எழுதி உறையில் போடுங்கள். பிரிட்டிஷ் மல்லார்ட் கம்பெனி வால்வாக இருந்தால் கண்ணாடியின் அடியில் இரண்டு வரி மங்கலான எழுத்து இருக்கும். இரண்டாவது வரி பி7சி4 என்று இருந்தால் பிளாக்பர்ன் ஆலை, 7இல் முடியும் ஆண்டு, மார்ச், நான்காம் வாரம். வீட்டுச் சண்டையில் அது யாருக்காவது உதவும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிக்காமலே, அதைச் சுற்றியவர் எப்படி வேலை செய்தார் என்று ஒரு மல்டிமீட்டரால் படிக்கலாம்.

பிரைமரியின் இரு முனையும் நடு டேப்பும் (நடுவிலிருந்து வெளியே எடுத்த கம்பி), செகண்டரியிலிருந்து (ஸ்பீக்கர் பக்கத்துச் சுற்று) ஃபீட்பேக்குக்குப் போகும் கம்பியும் எங்கே இருந்தன என்று படம் எடுத்துக்கொண்டு ஈயத்தை உருக்கி விடுவியுங்கள். ஸ்பீக்கரும் இணைந்திருக்கக் கூடாது. நடு டேப்பிலிருந்து இரு முனைக்கும் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். ஒரு பாதி 90 ஓம், மறு பாதி 105 ஓம் என்பது போல வித்தியாசமாக வந்தால் பதற வேண்டாம். ஒரு பாதியின் மேல் மறு பாதியைச் சுற்றியிருக்கிறார் என்று பொருள். மேலே போகப் போகச் சுற்றின் சுற்றளவு கூடும், அதே எண்ணிக்கைக்குக் கம்பி அதிகம் பிடிக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பாபினை (கம்பி சுற்றும் கூட்டை) நடுவில் தடுத்து, பக்கத்துப் பக்கத்தில் சுற்றியிருக்கலாம். அது கூடுதல் வேலை, கூடுதல் பொறுமை.

அடுத்தது, 6.3 வோல்ட் ஹீட்டர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றிலிருந்து 1,000 ஓம் ரெசிஸ்டர் வழியாக முழுப் பிரைமரிக்கும் ஏசி கொடுங்கள். கொடுத்ததில் பெரும்பகுதி பிரைமரியிலேயே நிற்க வேண்டும். பாதிக்குப் பாதி ரெசிஸ்டரிலேயே விழுந்துவிட்டால் உள்ளே அடுக்குகள் ஒன்றோடொன்று ஷார்ட். போன வாரம் அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டீர்களா என்பது இங்கே தெரியும். நன்றாக இருந்தால் ரெசிஸ்டரை எடுத்துவிட்டு நேரே 6.3 வோல்ட் கொடுத்து, நடு டேப்பிலிருந்து இரு முனைக்கும் அளந்து பாருங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். இரண்டு வால்வும் மாறி மாறி இழுக்கும் இந்தப் புஷ்-புல் ஆம்ப்ளிஃபையரில் இரு பாதியின் டிசியும் கோரில் (நடுவிலிருக்கும் இரும்பில்) ஒன்றையொன்று சமன் செய்ய வேண்டும். எண்ணிக்கை பிசகினால் சமன் கெடும், இரைச்சலும் சிதைவும் ஏறும். பாதிக்கு 1,200 சுற்று என்று வையுங்கள். ஒரு பாதியில் 12 சுற்று குறைந்திருந்தால் மீட்டரில் 3.17, 3.13 என்று காட்டும். இரண்டு பக்கமும் 3.15 வந்தால்? வீட்டில் அடுப்பும் வாசலில் ஆளும் பக்கத்தில் குழந்தையும் இருக்க, 2,400 சுற்றில் அந்த அம்மாள் எண்ணிக்கையைத் தவறவிடவில்லை. இத்தனை வருடம் கழித்து மீட்டர் அதற்குச் சாட்சி சொல்கிறது. உங்களிடம் இருக்கும் சான்றிதழ்களில் இதற்கு மேல் ஒன்று இருக்கிறதா?

8 ஓம் செகண்டரியையும் அளந்து பாருங்கள். சுமார் 0.306 வோல்ட் வந்தால் சுற்று விகிதம் 20.6. அதன் வர்க்கத்தை எட்டால் பெருக்கினால் 3,400 ஓம். இரண்டு இஎல்34க்கு வால்வ் புத்தகத்தில் போட்டிருக்கும் லோடு, அதாவது வால்வ் எதிர்பார்க்கும் சுமை, அதுதான். 0.22 வந்தால் கிட்டத்தட்ட 6,600 ஓம். அப்படியானால் முதலில் 6எல்6 வால்வுக்காகச் சுற்றியதைப் பிறகு இஎல்34க்கு மாற்றியிருக்கலாம். சாசிஸில் பழைய துளைகளைத் தேடுங்கள்.

எண்ணுவது மட்டும் வேலையல்ல. பிரைமரி முழுவதையும் ஒரே கட்டாகச் சுற்றி அதன் மேல் செகண்டரியை வைத்தால் மேல்ஸ்தாயி செத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் காந்தப் புலம் கசிந்து ஒரு தனிக் கம்பிச் சுருள் போலக் குறுக்கே நிற்கும். அதனால் பிரைமரியைத் துண்டு போட்டு நடுநடுவே செகண்டரியைச் செருகுவார்கள். துண்டு கூடினால் கசிவு குறையும். ஆனால் துண்டுகளுக்கிடையே கெப்பாசிட்டன்ஸ் ஏறும், அதுவும் மேல்ஸ்தாயியைத் தின்னும். எத்தனை துண்டு என்பதில்தான் அனுபவம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பேப்பர், இரு ஓரத்திலும் சில மில்லிமீட்டர் இடம். ஓரத்தில் ஒரே ஒரு சுற்று நழுவிக் கீழ் அடுக்கில் விழுந்தால் போதும், இரண்டு அடுக்கின் வோல்டேஜ் வித்தியாசமும் ஒரு எனாமல் பூச்சின் மேல் உட்காரும். பல வருடம் கழித்து, ஸ்பீக்கர் கழன்ற நிலையில் யாராவது சத்தமாக ஓட்டும் நாளில் அது துளைத்துக்கொண்டு போகும். உங்கள் பழுதுச் சீட்டுகளில் ‘அவுட்புட் ரீவைண்டிங்’ என்று எத்தனை வருகிறது, அதில் வெளியார் சரக்கு எத்தனை, வீட்டில் சுற்றியது எத்தனை என்று எண்ணுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வானொலி மிக்சர்களில் இருக்கும் சிறிய மைக் டிரான்ஸ்ஃபார்மர்கள்மீது ஓம் மீட்டரை வைக்காதீர்கள். நிக்கல் கலவைக் கோர் அது, மீட்டரின் டிசியே அதைக் காந்தமாக்கிச் சத்தத்தைக் கெடுக்கும். கீழே போட்டாலும் கெடும். அவற்றை ஏசியால் மட்டும் அளந்து பாருங்கள்.

பிறகு பேரேடு. எனாமல் கம்பி வாங்கிய பக்கங்களை எடுத்து, கேஜ் வாரியாக ஆண்டுக்கு எத்தனை கிலோ என்று ஒரு தாளில் போடுங்கள். 34, 36 கேஜ் மெல்லிய கம்பி அவுட்புட் பிரைமரிக்கு. 18 கேஜை ஒட்டிய தடித்த கம்பி பவர் டிரான்ஸ்ஃபார்மரின் லோ வோல்டேஜுக்கு. அப்பா டிரான்சிஸ்டருக்கு மாறினார் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். அது ஒரு நாளில் நடந்திருக்காது. ஆரம்ப டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களிலும் டிரைவர் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தது. 2என்3055 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் மலிந்த பிறகு ஸ்பீக்கரை நேரே இணைப்பது பரவலானது. மெல்லிய கம்பி குறைந்து தடித்த கம்பி ஏறும் ஆண்டு எதுவோ, அந்த ஆண்டில்தான் பாட்டியின் மேஜை காலியாகத் தொடங்கியது. முழுக்கவும் காலியாகியிருக்காது. 100 வோல்ட் லைனில் ஹார்ன் ஸ்பீக்கர் போட ஒவ்வொன்றுக்கும் ஒரு லைன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், 10 வாட் என்றால் 1,000 ஓம். வானொலி நிலையங்களும் பூமி இணைப்பால் வரும் இரைச்சலைத் துண்டிக்க 600 ஓம் லைன் டிரான்ஸ்ஃபார்மரை வெகுகாலம் விடவில்லை. உங்கள் நூலின் நடு அத்தியாயம் இந்தத் தாளில்தான் இருக்கிறது.

ஸ்பூல் டேப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கையில் எடுத்துவிடுவீர்கள் என்று தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஸ்பூலின் பக்கவாட்டில் ஒளி ஊடுருவினால் அசிடேட், அதைச் சூடாக்கவே கூடாது. ஆம்பெக்ஸ் 406, 456 போன்றவை பிசுபிசுத்து ஹெட்டில் ஒட்டும். அவற்றைச் சுமார் 54 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து, பிறகே ஓட்டுவார்கள். பழகியவரிடம் கொடுங்கள்.

பாட வைக்க முடியுமா என்றால், டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்திருந்தால் முடியும். கப்ளிங் கண்டன்சர்களைப் பாலியெஸ்டரோ பாலிப்ரொப்பிலீனோ 630 வோல்ட்டுக்குக் குறையாமல் மாற்றுங்கள். ஃபில்டர் கண்டன்சர்களையும் கேத்தோடு கண்டன்சர்களையும் மாற்றுங்கள். கிரிட், கேத்தோடு ரெசிஸ்டர்களை அளந்து, 20 சதவீதம் விலகியதை மாற்றுங்கள். முதல் தடவை 60 வாட் குண்டு பல்பை மெயின்ஸ் கம்பியில் சீரிஸில் போட்டு, வால்வ் இல்லாமல் கொடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்க வேண்டும், முழு வெளிச்சத்தில் நின்றால் பவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஷார்ட். பிறகு இஎல்34 தவிர மற்ற வால்வுகளைப் போட்டு, இஎல்34 சாக்கெட்டின் 5ஆம் பின்னில் டிசி பாருங்கள். பாசிட்டிவாக ஒரு வோல்ட்கூட இருக்கக் கூடாது. அப்புறம் ஸ்பீக்கரையோ 8 ஓம் லோடு ரெசிஸ்டரையோ கட்டாமல் இஎல்34ஐச் செருகாதீர்கள்.

இதெல்லாம் அடுத்த மாதமும் செய்யலாம். அத்தையிடம் இந்த வாரமே போங்கள். ரெக்கார்டரை மேஜையில் வைத்துவிட்டு, கையில் ஒரு வெற்றுப் பாபினைக் கொடுத்து உட்காருங்கள். கை அசைய ஆரம்பித்தால் வாய் தானாகச் சொல்லும். சுற்று எண்ண கவுன்டர் இருந்ததா, தாளில் கோடு போட்டார்களா? கம்பி அறுந்தால் எந்த இடத்தில் ஒட்டு வைக்கலாம், எந்த இடத்தில் மறுபடி முதலிலிருந்து? வார்னிஷ் எதில் காய்ச்சினார்கள், எத்தனை மணி நேரம் உலர்த்தினார்கள்? சுற்றியதற்குக் கூலி பேரேட்டில் எழுதப்பட்டதா? கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். பதில் வந்ததும், மீட்டர் காட்டிய இரண்டு எண்களோடு சேர்த்து எனக்கு எழுதுங்கள்.