ஊட்டி மழையில் படிக்க, வகைக்கு ஒன்றாக நல்ல நாவல்கள் சொல்லுங்களேன்?

முதலில் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’. நீலகிரியில் இருந்துகொண்டு இதைப் படிக்காமல் விடாதீர்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதை வைத்துக் காலத்தைக் கணக்கிட்ட படுகர்களின் கதை. சாமையும் ராகியும் விளைந்த சரிவுகளில் தேயிலை ஏறுகிறது, பணம் வருகிறது, அண்ணன் தம்பி வீடுகளுக்குள் விரிசல் விழுகிறது. யாரையும் வில்லனாக்காமல் அந்த மாற்றத்தைச் சொல்லியிருப்பதுதான் எனக்குப் பிடித்தது. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், ஒரு பாட்டியிடம் சில பக்கங்கள் வாசித்துக் காட்டினேன். நடுவிலேயே கையமர்த்திவிட்டு, தன் மாமியார் வீட்டில் சாமை குத்திய கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

திகில் வேண்டுமென்றால் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. பேயா, விஞ்ஞானமா என்று வக்கீல்கள் கணேஷும் வசந்தும் மோதிக்கொள்வார்கள். கரண்ட் போன ராத்திரியில் தனியாகப் படிக்க வேண்டாம்!

சாகசத்துக்கு எல்லோரும் ‘பொன்னியின் செல்வன்’ சொல்வார்கள். ஐந்து பாகம், தாராளமாகப் படிக்கலாம். ஆனால் என் ஓட்டு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’க்கு. இரண்டாம் உலகப்போர், இந்தோனேசியாவின் மெடான், மலேசியாவின் பினாங்கு, செட்டியார் கடைகள், நடுவில் நாயகன் பாண்டியன். முதல் ஐம்பது பக்கம் ஊர்ப்பெயர்களும் மலாய்ச் சொற்களும் கொஞ்சம் மிரட்டும், விட்டுவிடாதீர்கள். மதுரைத் தெருக்களை அவன் நினைத்துப் பார்க்கும் இடம் வந்துவிட்டால் பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டீர்கள்.

காதலுக்கு, தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’. கும்பகோணம், சங்கீதம், பாபு, யமுனா. அவசரமில்லாத நாட்களுக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.