அந்தக் கட்டத்தில் யார் பெயர்?

கேள்வி: வயது 61. வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவன், திருமணமாகி 34 வருடம். வரும் ஜூலையில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், கடலோரக் கூடார முகாம் ஒன்றில் 10 நாள் தங்கப் பணம் கட்டிவிட்டேன். கப்பலில் நாளுக்கொரு இடம் என்று ஓடாமல் ஒரே இடத்தில் நிதானமாக இருக்க ஆசை. மனைவிக்குக் குளிர் ஆகாது, பனிக்கரடி என்றால் பயந்துவிடுவாள். அதனால் ஓஸ்லோவில் பழைய நண்பர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். முகாம்காரர்களின் படிவத்தில் அவசரத் தொடர்புக்கான கட்டத்திலும் உள்ளூர் நண்பர் ஒருவரின் பெயரையும் எண்ணையுமே கொடுத்துவிட்டேன். இந்த வயதில் இது சரியா? மூட்டு தாங்குமா?
- வாசகர், திருச்சி

பதில்: மூட்டைப் பற்றி எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். ஒரே முகாமில் 10 நாள் என்பது நல்ல யோசனைதான். அங்கே மரமே கிடையாது. துருவ வில்லோ என்றொரு செடி, தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும், அதுதான் அந்த ஊர்க் காடு. முதல் இரண்டு நாள் மிதித்துக்கொண்டே நடப்பீர்கள். மூன்றாம் நாள்தான் கண்ணில் படும்.

சரி, போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அவசரத் தொடர்புக்கு நண்பர் எண் என்று. அந்தக் கட்டம் எதற்கென்று நினைத்தீர்கள்? அந்தத் தீவுகளின் முக்கிய ஊரான லாங்இயர்பியனில் இருப்பது சின்ன மருத்துவமனை. நிலைமை மோசமென்றால் கடல் தாண்டி நார்வேயின் டிரோம்ஸோ நகரத்துக்கு, சுமார் 950 கிலோமீட்டர், விமானத்தில் கொண்டுபோவார்கள். முகாமிலிருந்து அந்த ஊருக்கு வரவே படகோ ஹெலிகாப்டரோ வேண்டும். மூடுபனி இறங்கினால் ஹெலிகாப்டரும் காத்திருக்கும். அந்த நேரத்தில் போன் அடிப்பது நண்பர் வீட்டில். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, உங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு என்ன சொல்வார்? "அண்ணி, அவர் ஓஸ்லோவில் இல்லை" என்றா? உங்கள் உடம்புக்கு என்ன என்பதே அதற்கப்புறம்தான் உங்கள் மனைவி காதில் விழும்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. கைலாயம், லடாக் என்று ஊர் மாறும், "அவள் பயப்படுவாள்" மாறாது. பயம் எல்லாம் எழுதுகிறவருக்குத்தான், வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று. குளிராம்! ஜூலையில் அங்கே 7 டிகிரி அளவில் இருக்கும். ஊட்டியில் சில ஜனவரி விடியல்கள் இதைவிட மோசம். வருகிறாயா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கரடிக்கு வருவோம். ஊரைத் தாண்டினால் கரடியை விரட்டும் சாதனம் கையில் இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. கூடார முகாம்கள் பலவற்றில் பயணிகளே முறைவைத்துக் காவல் இருப்பார்கள். ராத்திரி மூன்று மணிக்கு யாராவது உங்கள் கூடாரத்தை உலுக்குவார்கள். ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதி வரை அங்கே சூரியன் மறைவதே இல்லை, வெளியே பட்டப்பகலாக இருக்கும். வெளிச்சக்குண்டு சுடும் துப்பாக்கியோடு, கரையையும் பின்னால் மலையையும் மாறி மாறிப் பார்த்தபடி நடக்க வேண்டும். நேற்று அறிமுகமானவர்கள் உங்களை நம்பித் தூங்குவார்கள். அவர்களுக்காகக் கண்விழிக்கத் தயார், 34 வருஷம் கூட இருந்தவரிடம் வாய் திறக்க முடியவில்லை. வெட்கமாக இல்லையா சார்?

நம் வீடுகளில் வாசல் தாண்டும்போது "போறேன்" என்று சொல்ல விடமாட்டார்கள், "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்ல வேண்டும். எங்கே போகிறீர்கள் என்றே தெரியாதவரிடம் அதை எந்த முகத்தோடு சொல்வீர்கள்?

இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் சொல்லிவிடுங்கள். கத்துவார், ரெண்டு நாள் பேசமாட்டார். வாங்கிக்கொள்ளுங்கள். ஒரேயடியாக வேண்டாம் என்றால் கட்டிய பணம் போகட்டும் என்பதுதான் என் கட்சி, உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும். சம்மதித்தால் முகாமுக்கு எழுதி அந்தக் கட்டத்தில் பெயரை மாற்றுங்கள். அப்புறம், ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு, அதாவது ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரும் பகுதிக்கு, வெளியே இருக்கிறது; ஓஸ்லோ உள்ளே. ஓஸ்லோ வழியாகத் திரும்பி வர இரண்டு முறை நுழையும் விசா வேண்டும், ஒருமுறை விசா எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். விண்ணப்பத்தை நிரப்பும்போது அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ப் பெயரை அவரே ஒருமுறை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்க்கட்டும்.